திமிங்கலத்தைத் தொட்டுப் பார்த்தவன்

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி. ஏணி ஒன்று. அதன் உச்சியில் திருப்புளி மச்சான். அடியில், ஏணியைப் பிடித்தபடி நான்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். கப்பல் பட்டறையிலிருந்து ஓய்வு பெற்றவர். பட்டறை அவரை விட்டுவிட்டது, அவர் திருப்புளியை விடவில்லை. மற்றவர்கள் பேனா குத்தும் பையில் அவர் அதைக் குத்தியிருப்பார். எங்கள் வீட்டில் எது ஆடுகிறது என்று பார்ப்பதற்காகவே ஞாயிறுதோறும் வருவார். எதுவும் ஆடாவிட்டால் ஆட்டிப் பார்ப்பார். பிறகு அது ஆடும். உடனே ஏணி வரும்.

"மாப்பிள்ளை, கெட்டியாப் பிடிங்க. போன வாரம் மாதிரி கண்ணை மூடிடாதீங்க."

"மூடல மச்சான். யோசிச்சுக்கிட்டிருந்தேன்."

"குறட்டை விட்டு யோசிக்கிற ஆளை இப்பத்தான் பாக்கறேன்."

சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "அண்ணே, கீழ இறங்கும்போது அவரையும் ஒரு சுத்து முறுக்கி விடுங்க. எல்லாமே லூசா இருக்கு."

நான் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர். வாரத்தில் ஆறு நாள், பேப்பர் அச்சுக்குப் போகும் வரைக்கும் விழித்திருந்து ஊர் உலகத்தின் தப்பைத் திருத்துகிறவன். விடிந்தால் பால், தண்ணீர், கடைகண்ணி. எனக்கென்று மிச்சமிருப்பது ஞாயிறு மதியம் ஒன்றுதான். சாப்பிட்டதும் காலை நீட்டி மூன்று மணி நேரம் தூங்க வேண்டும். இந்த உலகத்திடம் நான் வேறு எதுவும் கேட்டதில்லை. உலகம் சரி என்றுதான் சொல்கிறது. வீட்டில்தான் அனுமதி கிடைப்பதில்லை.

அன்று ஏணியடியில் நின்றபடியே ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தேன். எஞ்சிய வாழ்நாளைப் பண்பாட்டுக்கு அர்ப்பணிப்பது.

"இந்த ஊர்ல எத்தனை அருங்காட்சியகம் இருக்கு தெரியுமா?" என்று ராத்திரிச் சாப்பாட்டின்போது ஆரம்பித்தேன்.

"தெரியாது. நம்ம வீட்டுப் பரண்ல ஒண்ணு இருக்கு. அது தெரியும்."

"நாலு திசையிலேருந்தும் கப்பல்ல வந்து இறங்கின ஜனங்க கட்டின ஊர் இது. தெருவுக்கு ஒரு பாஷை. ஒவ்வொருத்தருக்கும் ஒரு வரலாறு. நாம எதையாவது பாத்திருக்கோமா?"

"சரி, உங்களுக்கு இப்ப என்ன வேணும்?"

"ஞாயித்துக்கிழமை மதியத்துல ஒண்ணொண்ணாப் போய்ப் பாக்கலாம்னு இருக்கேன். மனுஷன் வயித்துக்கு மட்டும் போட்டாப் போதுமா?"

"போதாதுன்னுதான் மூணாவது தடவை போட்டுக்கிட்டிருக்கீங்க."

"நான் அறிவுப் பசியைச் சொல்றேன்."

"ஏணியை யாரு பிடிக்கிறது?"

"பண்பாடு பெருசா, ஏணி பெருசா?"

"ஏணி."

ஆனால் கையைக் கழுவிக்கொண்டு வந்தவள் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். ரேஷன் அரிசியைப் பார்ப்பது போன்ற பார்வை. பிறகு, "போயிட்டு வாங்க. ஆனா ஒரு கண்டிஷன். எனக்கும் தெரியணுமில்ல? வந்து, பாத்ததை ஒண்ணு விடாம சொல்லணும்" என்றாள்.

இவ்வளவுதானா? நான் யார்? கூட்டத்துக்குப் போகாமலே, அழைப்பிதழை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பத்தி நீளத்துக்குக் கூட்டச் செய்தி எழுதும் பரம்பரையைச் சேர்ந்தவன்.

ஆக, தூங்க இடம் தேடி ஊரின் பண்பாட்டை ஆராயத் தொடங்கினேன்.

முதல் ஞாயிறு சுங்க அருங்காட்சியகம். பிடிபட்ட கடத்தல் சாமான்களைக் கண்ணாடிக்குள் வைத்திருந்தார்கள். வருகிறவர்களையும் பிடிபட்ட சாமானாகவே பார்த்தார்கள். உள்ளே போனதிலிருந்து ஒரு காவலர் என் பின்னாலேயே வந்தார். நான் நின்றால் நின்றார். நான் கொட்டாவி விட்டால் வாயைப் பார்த்தார். உட்கார ஒரு முக்காலி கிடையாது.

இரண்டாவது ஞாயிறு தீவுக்காரர்களின் பண்பாட்டு மையம். இந்த ஊரில் எந்த ஜனம் வந்து இறங்கினாலும் முதலில் ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு கட்டடம், கட்டடத்துக்குள் ஒரு கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்குள் ஒரு தொப்பி என்று வைத்துவிடுகிறார்கள். தொப்பியைப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். அப்புறம்தான் ஆபத்து. அங்கே நாற்காலிகள் இருந்தன. மெத்தை வைத்தவை. கண்ணைப் பாதி மூடியிருப்பேன், இரண்டு அம்மாக்கள் வந்து ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கி வட்டத்தில் நிறுத்திவிட்டார்கள். வந்தவரை ஆட வைக்காமல் அனுப்புவது அவர்களுக்கு அவமரியாதையாம். வீடு திரும்பி இரண்டு நாள் இடுப்பில் தைலம் தடவிக்கொண்டேன். பண்பாட்டுக்காகச் சிந்திய தைலம்.

மூன்றாவது, கலங்கரை விளக்க அருங்காட்சியகம். படிக்கட்டு. வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை.

நான்காவது ஞாயிறு கடல் அருங்காட்சியகத்துக்குப் போனேன். துறைமுகத் தெரு முனையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் நேர் எதிரே அதன் பக்கவாசல். சின்ன ஜன்னலில் டிக்கெட். உள்ளே நுழைந்ததும் படகு மாதிரிகள் அறை. துணிப் பாய்மரங்கள் வெளுத்துப் போகுமென்று அந்த அறையில் விளக்கை மங்கலாக வைத்திருந்தார்கள். மரம் வெடித்துவிடுமென்று ஏசியை ஓட விட்டிருந்தார்கள். படகுகளுக்குச் செய்திருந்த அத்தனை வசதியும் எனக்காகவே யோசித்துச் செய்தது போலிருந்தது. நடுவில் மெத்தை தைத்த நீளமான ஒரு பெஞ்ச். அதன் ஒரு மூலையில் சீருடைக் காவலர் ஒருவர், மடியில் தொப்பியை வைத்துக்கொண்டு ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். மறு மூலை காலி.

நாங்கள் இருவரும் கடைசி வரை ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அப்படி ஒரு நட்பு எனக்கு வேறு யாரோடும் அமைந்ததில்லை.

ஐந்து மணிக்கு மணி அடிப்பார்கள். எழுந்து, சட்டையை நீவி, வாசலில் வைத்திருக்கும் விளக்கக் கையேடுகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவேன். வீடு போய்ச் சேருவதற்குள் ஒரு கூடத்தைப் படித்து முடித்துவிடுவேன். மனைவி காபியோடு எதிரே உட்காருவாள். நான் நேரடி வர்ணனை கொடுப்பேன். முதல் வாரம் நங்கூரங்கள். அடுத்த வாரம் முத்துக் குளிப்பவர்களின் சாமான்கள். அதற்கடுத்த வாரம் பழைய கடல் வரைபடங்கள். ஒரு பிசகு இல்லை. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

அதற்கும் அடுத்த வாரம் கையேட்டில் திமிங்கலத்தின் முறை.

'மைய மண்டபத்தை அலங்கரிக்கும் ஐம்பதடி நீளத் திமிங்கல எலும்புக்கூடு காண்போரை வியப்பில் ஆழ்த்தும்' என்று போட்டிருந்தது. எனக்கு அது போதும்.

"இன்னிக்கு என்ன பாத்தீங்க?"

"திமிங்கலம்!" என்றேன். காபியைக் கூடத் தொடாமல் கையை விரித்துக் காட்டினேன். "ஐம்பதடி. உள்ள நுழைஞ்சதும் அப்படியே நின்னுட்டேன். மனுஷன் எவ்வளவு சின்னவன்னு அப்பத்தான் புரிஞ்சுது."

"திமிங்கலமா? இன்னிக்கா?"

"இன்னிக்குத்தான். இப்பத்தானே வரேன்."

"தலை எந்தப் பக்கம் இருந்துச்சு?"

இப்படி ஒரு கேள்வி கேட்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் முப்பது வருஷ அனுபவம். "கடல் பக்கம். திரும்பிப் போயிடணும்னு ஏங்கற மாதிரி. பாத்தா உனக்குக் கண்ணு கலங்கிடும்."

"வாய்?"

"உங்க அண்ணன் ஸ்கூட்டரை உள்ள நிறுத்தலாம். ஸ்டாண்டு போட்டு."

"கிட்டப் போய்ப் பாத்தீங்களா, தூரத்திலேருந்தா?"

"தொட்டே பாத்தேன்."

"தொட விட்டாங்களா?"

"பத்திரிகைக்காரன்னு சொன்னேன். கயித்தைத் தூக்கி உள்ள விட்டாங்க. சில்லுனு இருந்துச்சு. சலவைக்கல் மாதிரி."

மனைவி எழுந்து போய் இரண்டாவது டம்ளர் காபி கொண்டு வந்தாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் கேட்காமல் வந்த இரண்டாவது டம்ளர் அதுதான். கணவனின் அறிவுக்குச் செலுத்தும் காணிக்கை என்று எண்ணிக் குடித்தேன். சர்க்கரை கூட ஒரு கரண்டி தூக்கலாக இருந்தது.

அடுத்த ஞாயிறு சாப்பிட்டுவிட்டுச் செருப்பை மாட்டினால், அவளும் நல்ல புடவை கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.

"எங்க?"

"திமிங்கலம் பாக்க. நீங்க சொன்னதுலேருந்து தூக்கமே வரல."

"இன்னிக்குக் கூட்டமா இருக்கும்."

"இருக்கட்டும். நீங்கதான் கயித்தைத் தூக்கச் சொல்லுவீங்களே."

பக்கவாசலை நோக்கி நடந்த என்னைத் திருப்பி, முன்வாசலுக்கு அழைத்துப் போனாள். மைய மண்டபம் உண்மையிலேயே பெரியது. நடுவில் ஒரு நீளமான மேடை. மேடையின் மேல் வரிசையாக இரும்புத் தாங்கிகள். தாங்கிகளின் மேல் ஒன்றுமில்லை. முன்னால் ஒரு அட்டை: 'திமிங்கலம் சுத்தம் செய்வதற்காகக் கழற்றப்பட்டுள்ளது. சிரமத்துக்கு வருந்துகிறோம்.'

அட்டையின் ஓரங்கள் பழுத்திருந்தன. அது நேற்று வைத்த அட்டை இல்லை.

எங்கள் தொழிலில் இப்படி ஒரு விபத்து உண்டு. அழைப்பிதழைப் பார்த்து 'பலத்த கைதட்டலுக்கிடையே தலைவர் பேசினார்' என்று எழுதி அச்சுக்கு அனுப்பியிருப்பார்கள். காலையில்தான் தெரியும், மழையில் கூட்டமே நடக்கவில்லை என்று. அந்த ஆளின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த முகத்தை இப்போது நான் வைத்துக்கொண்டிருந்தேன்.

"எங்கங்க காணோம்? கடலுக்கே போயிடுச்சா?" என்றாள் மனைவி. "அப்படித்தான் ஏங்கிச்சுன்னு சொன்னீங்க."

"இது... இந்த வாரம்தான் கழட்டியிருக்கணும்."

"ரெண்டு மாசம் ஆச்சு. கழட்டினது எங்க அண்ணன்."

"யாரு?"

"திருப்புளி அண்ணன்தான். எலும்பு எலும்பா, திருகாணி திருகாணியா. பட்டறையில வேலை பாத்தவர்னு இவங்க கூப்பிட்டு அனுப்பினாங்க. அதைப்பத்தி ஏணி மேல நின்னு உங்ககிட்ட ஒரு மணி நேரம் சொன்னாராமே. நீங்க யோசிச்சுக்கிட்டிருந்தீங்களாம்."

நான் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணனைக் கூப்பிட்டுக் கேப்போமா? எந்த எலும்பைத் தொட்டீங்க, சில்லுனு இருந்துச்சான்னு?"

"வேணாம்."

"சத்தமாச் சொல்லுங்க."

"வேணாம்மா."

அப்போதுதான் பின்னால் ஒரு சண்டை மூண்டது. வேறு ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்த ஒரு கூட்டம். திமிங்கலம் இல்லாமல் எதற்கு டிக்கெட் என்று அருங்காட்சியகத் தலைவியை மடக்கிக்கொண்டிருந்தார்கள். மூக்குக் கண்ணாடி அணிந்த நடுத்தர வயது அம்மாள். கண்ணாடி வியர்வையில் வழுக்க வழுக்க எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். என் மனைவியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அக்கா! வந்துட்டீங்களா? இவர்தானா?"

மனைவி வியாழக்கிழமையே இங்கே வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறாள்.

"இவரேதான்," என்றாள் மனைவி, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி. "இல்லாத திமிங்கலத்தைப் பாக்கத் தெரிஞ்ச ஒரே ஆளு இந்த ஊர்ல இவர்தான். ஏங்க, எனக்குச் சொன்னதை இவங்களுக்கும் சொல்லுங்க. அந்த வாய், ஸ்கூட்டர், எல்லாம்."

கூட்டம் என்னைப் பார்த்தது. தலைவி கும்பிடுவது போலக் கையைச் சேர்த்தார். மனைவி தன் கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். திரையில் 'அண்ணன்' என்றிருந்தது. விரல் அதன் மேல் நின்றது.

நான் தொண்டையைச் செருமினேன்.

என்ன பேசினேன் என்று முழுதாக நினைவில்லை. ஆனால் முதல் ஐந்து நிமிஷத்துக்குப் பிறகு எனக்கே திமிங்கலம் தெரிய ஆரம்பித்தது. முதுகெலும்பு இதோ என்று கையை வீசினேன். அத்தனை தலைகளும் கையோடு திரும்பின. வால் அந்தத் தூண் வரை நீண்டது. ஒரு பெரியவர் வாலை மிதித்துவிடாமல் ஒதுங்கி நின்றார். முடித்ததும் கைதட்டினார்கள். பலத்த கைதட்டல். வாழ்நாளெல்லாம் எழுதியதை அன்றுதான் காதால் கேட்டேன். மதி மயங்கிவிட்டது.

அந்த மயக்கத்தில் இருக்கும்போதே தலைவி என் சட்டையில் ஒரு பேட்ஜைக் குத்திவிட்டார். 'விளக்கவுரையாளர்.'

"ஞாயிறுதோறும் ரெண்டு மணியிலேருந்து அஞ்சு மணி வரை சார். திமிங்கலம் வர்ற வரைக்கும் மட்டும்தான்."

"ஞாயிறா? ரெண்டிலேருந்தா?"

"அக்கா சொன்னாங்க. அந்த நேரத்துல உங்களை வீட்ல பிடிச்சு வைக்கவே முடியாதாமே."

"உக்கார ஏதாவது..."

"விளக்கவுரையாளர்கள் உக்காரக் கூடாது சார். விதி."

மனைவியைப் பார்த்தேன். "பண்பாடுங்க," என்றாள். "வேணாம்னு சொல்லக் கூடாது."

ஞாயிறுகள் போயின. இரண்டு மணிக்கு மேடையருகே நிற்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் படகு மாதிரிகள் அறை. ஏசியின் மெல்லிய ரீங்காரம் எனக்குக் கேட்கும். என் நண்பர், அந்தக் காவலர், இப்போது பெஞ்சில் கால் நீட்டியே படுத்துவிட்டார் என்று கேள்வி. இங்கே நான் இல்லாத தாடையைத் தூக்கிப் பிடித்து, இல்லாத விலாவை எண்ணிக்காட்டிக்கொண்டிருந்தேன். செய்தி பரவி, பள்ளிக்கூடங்களே பஸ் வைத்து வந்தன. திமிங்கலம் இருந்த காலத்தில் இவ்வளவு கூட்டம் வந்ததில்லையாம். தலைவி பூரித்துப் போனார். என் குதிகால் வீங்கிப் போனது.

ஒரே வழி, திமிங்கலம் சீக்கிரம் திரும்பி வர வேண்டும். வார நாளொன்றில் மச்சானின் கொட்டகைக்குப் போனேன். எலும்புகள் தரையெல்லாம் பரப்பியிருந்தன. நடுவில் மச்சான் பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு உட்கார்ந்திருந்தார்.

"மச்சான், இன்னும் எவ்வளவு நாள் ஆகும்?"

"எலும்பு மாப்பிள்ளை. அவசரப்பட்டா உடைஞ்சுடும்."

"ஒரு பெரிய பிரஷ்ஷா வாங்கித் தரட்டுமா?"

"வேணாம். தங்கச்சியும் சொல்லியிருக்கா. அவசரப்படவே கூடாதுன்னா."

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அடுத்த ஞாயிறு மூன்று மணிக்கு அருங்காட்சியகத்தில் மின்சாரம் போனது. இருட்டில் இல்லாததைக் காட்ட முடியாது என்று என்னை அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தேன். கதவு சாத்தியிருந்தது. என் சாவியைப் போட்டுத் திறந்தேன்.

கூடத்தில், ஜன்னல் காற்று வரும் இடத்தில், என் பாயில், என் தலையணையில், என் மனைவி. வாய் லேசாகத் திறந்த, கவலையே அற்ற தூக்கம். சோபாவில் மச்சான், திருப்புளி நெஞ்சின் மேல் ஏறி இறங்க. ஏணி மடக்கி, பரணுக்குக் கீழே சாத்தியிருந்தது. அதன் மேல் துணி உலர்ந்தது.

சத்தம் கேட்டு ஒரு கண்ணைத் திறந்தாள்.

"கரண்டு போயிடுச்சா?"

"இது என்னம்மா?"

"பாத்தா தெரியல? தூங்கறோம்."

"ஏணி?"

"பிடிக்க ஆளில்லாம அண்ணன் ஏற மாட்டார். அவர் ஏறலன்னா எனக்கு நாலு தடவை டீ போட வேணாம். டீ போடலன்னா பாத்திரம் கிடையாது. பாத்திரம் இல்லன்னா தூங்கலாம்." புரண்டு படுத்தாள். "எனக்கும் ஞாயித்துக்கிழமை மதியம் தூக்கம் வருங்க. கல்யாணம் ஆன நாள்லேருந்து வருது. யாரும் கேக்கல."

"அப்ப அன்னிக்கு என்னைப் போகச் சொன்னது..."

"பண்பாட்டுக்குன்னு நினைச்சீங்களா? முதல் நாளே உங்க கன்னத்துல மெத்தைத் தையல் பதிஞ்சிருந்துச்சு. நீங்க அங்க தூங்குங்க, நான் இங்க தூங்கறேன்னு பேசாமத்தான் இருந்தேன். நீங்கதான் திமிங்கலத்தைத் தொட்டீங்க."

"அதுல உனக்கு என்ன நஷ்டம்? தொட்டா தொட்டுட்டுப் போறார்னு விட்டிருக்கலாமே."

"தூங்கினா தூங்கினேன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பேன். எங்க அண்ணன் கழட்டின எலும்பைத் தொட்டேன்னு எங்கிட்டயே சொன்னா? சரி, கதவைச் சாத்துங்க. வெளிச்சம் கண்ணுல அடிக்குது."

எந்தப் பக்கமாகச் சாத்துவது என்று கேட்டேன். வெளிப்பக்கமாக என்றாள்.

வாசற்படியில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். திமிங்கலம் என்றாவது ஒரு நாள் வந்துதானே ஆக வேண்டும்? வந்தால் பேட்ஜைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, நேராகப் பக்கத்து அறைக்குப் போய், என் மூலையில் உட்கார்ந்துவிடுவேன். அவள் வீட்டில் தூங்கட்டும், நான் அங்கே தூங்குகிறேன். அந்தச் சமாதானத்துக்கு நான் தயார். அன்று சாயங்காலம் மனைவியிடமும் அதைச் சொன்னேன். நியாயம்தான் என்று தலையசைத்தாள். அந்த அறையில் எத்தனை படகுகள் இருக்கின்றன, அவற்றுக்கெல்லாம் திருகாணி உண்டா என்று மட்டும் விசாரித்தாள்.

ஆகஸ்ட் பதினேழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, திமிங்கலம் சுத்தமாகத் திரும்பி வந்து மைய மண்டபத்தில் நிறுத்தப்பட்டது. செவ்வாய்க்கிழமை, படகு மாதிரிகள் எல்லாம் பழுது பார்ப்பதற்காக மச்சானின் கொட்டகைக்குப் போயின, பெஞ்சும் சேர்த்து. இருபத்து நான்காம் தேதியிலிருந்து ஞாயிறு மதியங்களில் அந்தக் காலி அறையில் நின்று நான் படகுகளை விளக்கி வருகிறேன்.